ஈம் கிராமத்தில் பூ ஒட்டிய கதை

பெயர்ப் பலகையில் இருந்த எழுத்தை வைத்து 'ஏயாம்' என்றுதான் வாசித்தேன். "ஈம்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி திருத்தினார். எனக்கு ஈமச் சடங்குதான் நினைவுக்கு வந்தது. முதல் நாளே அதையெல்லாம் சொல்வானேன் என்று சிரித்து வைத்தேன்.

கணவருக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேலை. மலைப்பக்கம் இருக்கலாம் என்று டார்பிஷயரின் இந்தக் கிராமத்துக்குக் குடிவந்தோம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள். அந்தந்த வீட்டில் யார் யார் செத்தார்கள் என்ற பட்டியல். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வேறு. நம்மூரில் அப்படி ஒரு வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைக்குமா?

பாட்டி அதைப் போன வாரம் நடந்தது போலச் சொல்வார். 1665-ல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே விரித்துப் போட்டார். துணியில் தெள்ளுப்பூச்சி, பூச்சியில் பிளேக். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் சுமார் 260 பேர்.

நோய் வெளியூருக்குப் பரவக்கூடாது என்று 1666 ஜூனில் ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. பாதிரியார் வில்லியம் மாம்பசனுக்கு 28 வயது. ஊரில் அவருக்கு அவ்வளவு செல்வாக்கில்லை. அதனால் பதவியிழந்த பழைய போதகர் தாமஸ் ஸ்டான்லியையும் சேர்த்துக்கொண்டுதான் மக்களைச் சம்மதிக்க வைத்தார். எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் சாமான் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். நானும் அந்தக் குழிகளில் விரலை விட்டுப் பார்த்தேன். மாம்பசன் தன் பிள்ளைகளை மட்டும் முன்பே வெளியூருக்கு அனுப்பியிருந்தார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மனைவி கேத்தரின் அவருடனே இருந்தார், ஆகஸ்டில் இறந்தார்.

செத்தவர்களை அவரவர் வீட்டாரே புதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்கு வெளியே ரைலி வயலில் வட்டச் சுவருக்குள் சில கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தனியாகப் புதைத்த இடம் அது. நான் அங்கே ஒரு தடவை போனதோடு சரி.

ஆகஸ்டில் பாட்டி கதவைத் தட்டினார். "டக், கை சும்மாதானே இருக்கு?" இந்தப் பக்கத்தில் வாஞ்சையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்னை ஏன் வாத்து என்கிறார் என்று ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறேன். கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் பூப்படம் வைக்கும் வழக்கம் டார்பிஷயர் முழுக்க உண்டு. மரச் சட்டங்களைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புப் போட்டு மிதித்துக் குழைத்த களிமண்ணை அதில் அப்புகிறார்கள். காகிதத்தில் வரைந்த படத்தை மேலே வைத்துக் குத்திக் குத்திக் கோட்டை மண்ணில் இறக்கி, விதைகளால் ஓரம் கட்டுகிறார்கள். அப்புறம்தான் இதழ் ஒட்டுவது.

எனக்கு வானத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். கோலம் போட்ட கைதானே என்ற தைரியத்தில் மேலிருந்து தொடங்கினேன். பாட்டி நான் ஒட்டிய அத்தனையையும் பிடுங்கிவிட்டார். கீழிருந்துதான் ஒட்ட வேண்டுமாம், கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரவேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும். ஒரு சாண் வானத்துக்கு மூன்று மணி நேரம். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை: யார் வீட்டில் குழந்தை, பஸ் ஏன் வரவில்லை, சாம்பாருக்கு எந்தப் பருப்பு.

மாதத்தின் கடைசி ஞாயிறு, பிளேக்கில் போனவர்களை நினைக்கும் பிளேக் ஞாயிறு. அன்று கேத்தரினின் கல்லறையில் மலர்வளையம் வைத்தார்கள். அப்புறம் எல்லாரும் கக்லெட் டெல்ஃப் பள்ளத்துக்கு நடந்தோம். தேவாலயத்தை மூடிவிட்டு, குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று பிளேக் காலத்தில் வழிபட்ட இடம் அது. இந்தத் தடவை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

இரவு நல்ல மழை. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மூலை அப்படியே இருந்தது. வார இறுதிக்குள் எல்லா இதழும் பழுப்பேறிவிட்டது. சட்டத்திலிருந்து களிமண்ணைச் சுரண்ட ஆள் வேண்டும் என்கிறார் பாட்டி. சனிக்கிழமை போகிறேன்.