டொரினோவை சூப்பர்காவோட நிறுத்திடாதீங்க

டூரின் நகரம்னாலே எல்லாரும் யுவென்டஸ்தான் சொல்றாங்க. அதே ஊர்ல மெரூன் ஜெர்சி போட்ட டொரினோன்னு ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கு, 1906ல யுவென்டஸ விட்டு வெளிய வந்த சிலரும் சேர்ந்து ஆரம்பிச்சது. எனக்கு இத்தாலில ரொம்ப பிடிச்ச டீம் இதுதான்.

1943ல இத்தாலி லீக் சாம்பியன், நடுவுல போர், அப்புறம் 46, 47, 48, 49ன்னு வரிசையா சாம்பியன். 1947 மே மாசம் ஹங்கேரிக்கு எதிரா இத்தாலி ஆடுன மேட்ச்ல பதினோரு பேர்ல பத்து பேர் டொரினோ பிளேயர்ஸ், கோல்கீப்பர் மட்டும்தான் யுவென்டஸ்காரர். டொரினோவோட பழைய ஃபிலடெல்ஃபியா ஸ்டேடியத்துல மேட்ச் மந்தமா போனா கூட்டத்துல ஒருத்தர் ஊதுகொம்பு ஊதுவாராம், உடனே கேப்டன் வாலென்டினோ மஸ்ஸோலா சட்டை கைய மடிச்சு விடுவாராம், அடுத்த கால் மணி நேரம் எதிர் டீம் காலி. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

1949 மே 4, லிஸ்பன்ல பென்ஃபிகா கிளப்போட ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடிட்டு திரும்பி வந்த விமானம் மூடுபனில டூரின் பக்கத்துல இருக்குற சூப்பர்கா மலை மேல இருக்குற சர்ச்சோட பின்பக்க சுவர்ல மோதிடுச்சு. 31 பேர், ஒருத்தரும் பிழைக்கல. உடல்கள அடையாளம் காட்டுனது பழைய இத்தாலி கோச் விட்டோரியோ போஸ்ஸோ, அந்த பசங்கள நேஷனல் டீமுக்கு எடுத்தவரே அவருதான். மிச்சம் இருந்த நாலு மேட்ச்ல டொரினோ ஜூனியர் பசங்கள இறக்குச்சு, எதிர்ல வந்த டீம்களும் ஜூனியர்களையே இறக்குனாங்க.

நிறைய பேர் கதைய இதோட முடிச்சிடுறாங்க, அதுலதான் எனக்கு வருத்தம். ஜிஜி மெரோனின்னு ஒரு விங்கர் (மைதானத்தோட ஓரத்துல ஆடுறவர்), முடி நீளமா வளர்த்துட்டு, படம் வரைஞ்சுகிட்டு, டிரிப்ளிங்ல எல்லாரையும் ஆட்டிப்படைச்சவரு, 24 வயசுல 1967ல ரோட்டை கடக்கும்போது கார் மோதி செத்துட்டாரு. அந்த காரை ஓட்டுன பையன் டொரினோ ரசிகன், பல வருஷம் கழிச்சு அவரே கிளப்போட தலைவரா வந்தாரு. இப்படியெல்லாம் வேற எந்த கிளப்புக்காவது நடந்திருக்குமா தெரியல.

1976ல புலிச்சி, கிராசியானி ஜோடி அடிச்ச கோல்கள்ல திரும்ப லீக் ஜெயிச்சாங்க, அதுவும் யுவென்டஸ ரெண்டாவது இடத்துக்கு தள்ளி! 1992ல ஐரோப்பிய கிளப்களுக்கான யுஇஎஃப்ஏ கப், ரெண்டு மேட்ச்சா நடந்த ஃபைனல்ல நெதர்லாந்தோட அயாக்ஸுக்கு எதிரா ரெண்டாவது மேட்ச்ல மூணு தடவை பந்து கம்பத்துல பட்டு போச்சு, பெனால்ட்டி தரலன்னு கோச் மோன்டோனிக்கோ நாற்காலிய தலைக்கு மேல தூக்கி நின்னாரு. கடைசில அவே கோல் (எதிரணி மைதானத்துல அடிச்ச கோல்) கணக்குல கப் போச்சு. அடுத்த வருஷம் இத்தாலி கிளப்களுக்கான கோப்பா இத்தாலியா கோப்பைய ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம் பெரிய கோப்பை எதுவும் இல்ல.

2005ல கிளப் திவால், இத்தாலியோட டாப் லீக்கான சீரி ஏக்கு தகுதி வாங்கியும் போக முடியல. தொழிலதிபர் உர்பானோ கைரோ வாங்கி காப்பாத்துனாரு, அத மறுக்க மாட்டேன். ஆனா இத்தனை வருஷமா பெரும்பாலும் பாயின்ட்ஸ் டேபிள் நடுவுலயே ஓடுது. 2022ல டிஃபெண்டர் பிரெமர் யுவென்டஸுக்கே போயிட்டாரு. 2024ல விபத்தோட 75வது நினைவு நாள்ல மலை மேல நின்னு இறந்தவங்க பேர வாசிச்ச டிஃபெண்டர் புவான்ஜோர்னோ, டூரின்லயே பொறந்து இந்த கிளப்லயே வளர்ந்த பையன், அதே கோடைல நாப்போலிக்கு போயிட்டாரு. நல்ல டிஃபெண்டர் உருவாக உருவாக வித்துட்டே இருந்தா டீம் எப்படிங்க கட்டுறது? ஒரு மூணு சீசன் யாரையும் விக்காம சேர்த்து வச்சு பாருங்க, அந்த ரசிகர்களுக்கு அதுகூட செய்யலன்னா எப்படி.