ஓவன் இல்லாத வீட்டில் பன்: நாலு ஞாயிறு

சென்னை துரைப்பாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. நான், ஒரு திருநெல்வேலிக்காரன், நாகர்கோவில் தம்பி, ஈரோட்டு அண்ணன் என்று நாலு பேர், ரெண்டு பர்னர் அடுப்பு, காஸ்கெட் தளர்ந்துபோய் விசிலே அடிக்காத ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர் ஒன்று. அந்தக் குக்கரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்த அன்றைக்குத்தான், அதில் பன் சுட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. டீக்கடை பன்தான் இலக்கு. மேலே பழுப்பு, உள்ளே பஞ்சு.

கணக்கு இதுதான்: மைதா 250 கிராம், பால் 160 மில்லி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 25 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. ஆறு பன் வரும். நாலு நாட்களும் மைதா அளவை மாற்றவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினேன்.

முதல் ஞாயிறு. 'வெதுவெதுப்பான பால்' என்று படித்துவிட்டு, விரல் வைத்தால் சுரீர் என்று இழுத்துக்கொள்ளும் சூட்டில் பாலை ஊற்றினேன். ஈஸ்ட் ஓர் உயிர். 60 டிகிரிக்குப் பக்கம் போனால் செத்துவிடும். ரெண்டு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால், மாவு வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. மைதாவை வீணாக்க மனசில்லாமல் அப்படியே சுட்டேன். திருநெல்வேலிக்காரன் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தான். "ஏல, இத வச்சு ஆணி அடிக்கலாம்ல" என்றான். ஆனாலும் ராத்திரி சால்னாவில் ஊறப்போட்டு அவனே மூன்றைத் தின்றான்.

ரெண்டாவது ஞாயிறில் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமல்ல, ஆட்டமே போட்டது. 'ஒன்றரை மணி நேரம் மூடி வையுங்கள்' என்ற குறிப்பை நம்பி, மாவை மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். மே மாதம். மொட்டை மாடிச் சூடு முழுக்க எங்கள் சமையலறையில்தான் இறங்கும். திரும்பி வந்தபோது மாவு ஏறி, நடுவில் குழி விழுந்து, அமுங்கியும் போயிருந்தது. துணியை எடுத்ததும் கள் வாசனை. ஊரில் தென்னந்தோப்புப் பக்கம் வளர்ந்த யாருக்கும் அந்த வாசனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுட்டபின் பன் தட்டையாக, லேசான புளிப்போடு, வெளிறிப்போய் இருந்தது. நிறம் வராததற்கும் காரணம் உண்டு. மாவிலிருந்த சர்க்கரையை ஈஸ்டே தின்று தீர்த்துவிட்டால், பழுப்பாவதற்கு மிச்சம் என்ன இருக்கும்?

அந்தக் குறிப்பு யாரோ குளிர் ஊர்க்காரர் எழுதியது. அங்கே ஒன்றரை மணி நேரம் பிடிப்பது இங்கே 40 நிமிடம்கூடப் பிடிக்காது. இட்லி மாவு விஷயத்தில் நமக்கு இது தெரியும். வெயில் காலத்தில் நாலு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் மறுநாள் காலை வரைக்கும் விடவேண்டும். மைதா என்றதும் அந்தப் புத்தியை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டேன். இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை. விரலில் மாவு தொட்டுக்கொண்டு ஒரு குத்து குத்துகிறேன். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி நிரம்பினால் சரி. அப்படியே நின்றுவிட்டால் கை மீறிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால், ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. பதினைந்து நிமிடம் பிசைந்தேன். முதலில் கையெல்லாம் ஒட்டும். அப்போது மேலும் மைதா போடத் தோன்றும், போடக்கூடாது. எட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் மாவே ஒன்றுகூடி, காது மடல் மாதிரி ஆகிவிடும். ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் சவ்வு போல விரிந்து, பின்னால் இருக்கும் ட்யூப்லைட் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. மற்ற மூவரையும் கூப்பிட்டேன். ரெண்டு பேர் வந்தார்கள்.

சுடுவதில்தான் தகராறு. குக்கருக்குள் கல் உப்பைப் பரப்பினேன். சூடு ஏறியதும் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. கல்லுக்குள் இருக்கிற ஈரம். அணைத்துவிட்டுத் தூள் உப்பாக மாற்றினேன். அதன்மேல் ஸ்டாண்ட், ஸ்டாண்டின்மேல் வெண்ணெய் தடவிய எவர்சில்வர் டப்பா. காஸ்கெட், வெயிட் ரெண்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். புதுக் குக்கரில் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அடி கெட்டுப்போகும். பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு சின்ன பர்னரில் சிம்மில் 35 நிமிடம். பன் நன்றாக எழும்பியது. ஆனால் அடிப்பக்கம் கருக ஆரம்பித்திருந்தது, மேல்பக்கம் இட்லி மாதிரி வெள்ளை. குக்கரில் சூடு கீழிருந்துதான் வரும், மேலே பால் தடவினாலும் முட்டை தடவினாலும் நிறம் ஏறாது.

இதற்கு வழி சொன்னது நாகர்கோவில் தம்பி. "அண்ணே, கடையில பன் பட்டர் எப்படிப் போடுவாங்க?" அவ்வளவுதான். தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, வெள்ளைப் பக்கத்தைக் கவிழ்த்து, ஒரு நிமிடம். டீக்கடை நிறம், டீக்கடை வாசனை.

இதற்குள் ஈரோட்டு அண்ணன் நோட்டை எடுத்துவிட்டார். கேஸ் செலவை நாலாகப் பிரித்து எழுதுவது அவர்தான். "14.2 கிலோ சிலிண்டர், உனக்கு ஞாயித்துக்கிழமை ஆனா முக்கா மணி நேரம் எரியுது" என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே ரெண்டு பன் சாப்பிட்டார். நோட்டை மூடி வைத்தார்.

நாலாவது ஞாயிறு செய்ததில் மாவுக்கூழ்தான் புதுசு. எடுத்து வைத்த மைதாவிலிருந்தே 20 கிராமை, பாலிலிருந்தே 100 மில்லியில் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டினேன். கரண்டி போன தடம் தெரியும் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறவைத்து மாவோடு பிசைய வேண்டும். ஜப்பான், சீனப் பக்கத்து மிருதுவான ரொட்டிகளில் இந்தக் கூழ் வேலை உண்டு. வெந்த மாவு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் பன் சீக்கிரம் காய்வதில்லை. திங்கள் ராத்திரி வரைக்கும் மெத்தென்று இருந்தது. அதற்கு மேல் சொல்ல முடியாது, மிஞ்சவில்லை. ஒன்றுக்குள் மட்டும் தேங்காய், சர்க்கரை, ஏலக்காய் வைத்தேன். ஓரம் பிரிந்து பாகு வழிந்து டப்பாவில் ஒட்டிக்கொண்டது. பூரணத்தை முதலில் வதக்கி ஈரம் போக்கியிருக்க வேண்டும். வழிந்ததைச் சுரண்டித் தின்றவர்கள் குறை சொல்லவில்லை.

ஒரு சேதாரமும் உண்டு. பழுப்பேறிய உப்பை ஆறவிட்டு, அடுத்த வாரத்துக்கு ஆகட்டும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் அதை எடுத்து ரசத்துக்குப் போட்டுவிட்டார். இப்போது டப்பாவில் 'பன் உப்பு' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது.

இந்த வாரம் சனி ராத்திரியே பிசைந்து, மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். குளிரில் மெதுவாகப் புளித்தால் ருசி கூடும் என்பது கணக்கு. எங்கள் ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலை ஐந்தரைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த திருநெல்வேலிக்காரனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ, கீழே ஒரு வரி: "ஏல, ஒம் மாவு மூடியத் தள்ளிட்டு வெளிய வந்துட்டு. உள்ள தள்ளவா, அப்படியே அடுப்புல போடவா?"