கை கீழே இறங்கும் வரை

போன மே மாதம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில், மகளுடைய பள்ளிக்கூடத்தில் ஆண்டு இறுதிக் கச்சேரி. அவள் அங்கே கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், ஆல்ட்டோ பாடுகிறாள், பெண் குரல்களில் கீழ்க் குரல் அது. பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது, பியானோவை மூடி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். டீச்சர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வட்டக் குழலை எடுத்து ஒரே ஒரு சுரம் ஊதினார், சுருதி அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் 'ஷெனண்டோவா' என்கிற பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடினார்கள். கடைசி வரி கரைந்து கரைந்து, இனி குரலே இல்லை என்று தோன்றிய நொடியில் என் வாயிலிருந்து 'ஆஹா' வந்துவிட்டது. கையும் தட்டிவிட்டேன். அவ்வளவு பெரிய அரங்கில் அந்த ஒரு கைதட்டல் மட்டும் கேட்டது. முன் வரிசைப் பெண்மணி ஒருவர் திரும்பி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல. அதுதான் சுருக்கென்று தைத்தது.

காரில் வரும்போது மகள் பாதி வழி வரை பேசவில்லை. அப்புறம், "அம்மா, டீச்சர் கை கீழ இறங்குற வரைக்கும் பாட்டு முடியல" என்றாள். திட்டவில்லை, தெரியாத ஒருவருக்கு வழி சொல்வது மாதிரிதான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பாட்டு நன்றாயிருந்தால் அதைப் பாடுகிறவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் நான் வளர்ந்தேன். குளித்தலை கடம்பர் கோயிலில் ஓதுவார் பதிகத்தை இழுத்து நிறுத்தும் இடத்தில் அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்து "ம்ம்" என்பார், ஓதுவார் அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் கனிவாக எடுப்பார். நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதி போட்டால் கூட்டத்தில் யாராவது "பேஷ்" என்று சொல்லியே ஆக வேண்டும், தொடையில் தாளம் விழ வேண்டும். கேட்கிறவர் கல்லாக உட்கார்ந்திருந்தால் பாடுகிறவர் மனம் என்ன பாடுபடும்? இத்தனை காலமாக நான் மரியாதை என்று நினைத்து வைத்திருந்ததை இங்கே ஒருவர் விரலை வைத்து அடக்குகிறார் என்றால், அது வெறும் கச்சேரி ஒழுங்கு பற்றிய விஷயமாக எனக்குப் படவில்லை.

வாத்தியம் இல்லாத பாட்டு எனக்குப் புதிதா என்ன? தென்கரை வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நடவு தொடங்கும். அப்பாயி முதல் வரியை எடுத்துக் கொடுப்பார், வரப்பு நெடுகக் குனிந்திருக்கும் பெண்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். சுருதிப் பெட்டியும் கிடையாது, தாளக்கட்டையும் கிடையாது, நாற்று சேற்றில் இறங்கும் சத்தமே தாளம். எல்லோருக்கும் ஒரே மெட்டுதான், ஆனால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், ஒரு கிழவி வேறெங்கோ போய்விட்டு வந்து சேர்ந்துகொள்வார். பாட்டு முடிந்ததும் குலவை. வயல் முழுக்க அது சுற்றி எழும்பும்போது வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் காது கூசும். எங்கள் பக்கத்தில் பாட்டுக்கு முற்றுப்புள்ளி குலவைதான். இங்கே மௌனம். எனக்குப் பிடிபடாமல் போனது அந்த இடம்தான்.

கொஞ்ச நாள் அந்தப் பாட்டைக் கேட்கவே மனம் வரவில்லை. பிறகு மகள் பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப ஓட விட்டதில் நானும் கேட்க ஆரம்பித்தேன். நாங்கள் இருப்பது செயின்ட் சார்ல்ஸ், செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்தில், மிசூரி ஆற்றின் கரையிலேயே. 1804 மே மாதம், மேற்கு நிலத்தை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் படகு விட்டது இந்த ஊர்க் கரையிலிருந்துதான். அதே ஆற்றில் மேலே போய் விலங்குத் தோல் வாங்கி விற்ற படகோட்டிகளிடமிருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாட்டு வந்தது என்கிறார்கள். பிறகு ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், நங்கூரம் தூக்கும் மாலுமிகள் பாட்டாகிவிட்டது. ஷெனண்டோவா என்பது வர்ஜீனியாவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர், ஆனால் பாட்டின் பழைய வடிவங்கள் சிலவற்றில் அது ஒரு பூர்வகுடித் தலைவரின் பெயர், பாடுகிறவன் அவர் மகளை விட்டுப் பிரிந்து போகிறவன். ஆக இதுவும் வேலைப் பாட்டுதான், நம் ஏலேலோ மாதிரி. அதைத் தெரிந்துகொண்டதும் பாட்டு மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

மீதியை இறக்கியது ஒரே ஒரு சொல். ஒவ்வொரு கண்ணியும் மிசூரியை அகலமான ஆறு என்று சொல்லித்தான் முடிகிறது. எங்கள் ஊரில் காவிரிக்கு என்ன பெயர்? அகண்ட காவிரி! மாயனூரிலிருந்து முசிறி வரை இக்கரையில் நின்றால் அக்கரையில் போகிற பஸ் தீப்பெட்டி மாதிரி தெரியும். யாரோ ஒரு படகோட்டி, எந்த ஊர்க்காரனோ, ஓர் ஆற்றைப் பார்த்து என் ஊர்க்காரர்கள் சொன்ன அதே சொல்லைச் சொல்லியிருக்கிறான். சமையலறையில் கையில் கரண்டியோடு நின்றபடி நான் அழுதேன்.

பிள்ளைகள் பாடியது ஜேம்ஸ் எர்ப் என்பவர் அமைத்த வடிவம். ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் கொயர் நடத்தியவர், 1970களில் இதை எழுதினார், அமெரிக்காவில் இதைப் பாடாத கொயர் குறைவு. முதலில் பெண் குரல்கள் மட்டும் ஒரே மெட்டாக எடுக்கும், பிறகு ஆண் குரல்கள். அப்புறம் ஓரிடத்தில் பெண் குரல்கள் மூன்றாகப் பிரிந்து, ஒன்று பாடி முடிக்கும் முன்பே அடுத்தது அதே வரியைப் பின்னால் எடுக்கும், அதன் பின்னால் இன்னொன்று. கீழே ஆண் குரல்கள் தரை மாதிரி நீண்டு கிடக்கும். அதைக் கேட்கிறபோதெல்லாம் வரப்பில் முந்தியும் பிந்தியும் வந்த அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே தானாக நடந்ததை இங்கே ஒருவர் உட்கார்ந்து தாளில் எழுதியிருக்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். 'உன்னைப் பார்த்து ஏழு ஆண்டு ஆயிற்று' என்கிற வரியும் அங்கேதான் வருகிறது. ஊரை விட்டு வந்து எனக்கு அப்போது நான்காம் ஆண்டு. மூன்றாம் ஆண்டில் அப்பாயி போனபோது விசா புதுப்பிக்கும் சிக்கலில் நான் ஊருக்குப் போகவில்லை. தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். ஒப்பாரி வைத்த பெண்களின் வாய் அசைந்தது, குரல் விட்டு விட்டுத்தான் வந்தது.

இலையுதிர் காலத்தில் மறுபடி ஒரு கச்சேரி, மறுபடி அதே பாட்டு. இந்த முறை கையை மடியில் கோத்துக்கொண்டு டீச்சரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுரம் போய்விட்டது. கை அந்தரத்திலேயே நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் இன்னும் ஏதோ வந்துகொண்டிருந்தது, குரல் இல்லை, குரல் இருந்த இடம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. நான்கு நொடியோ ஐந்து நொடியோ. எழுநூறு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்யாமல் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை இறங்கியது. இடி மாதிரி கைதட்டல், எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்தப் பெண்மணி மே மாதம் என்னிடமிருந்து எதைக் காப்பாற்றப் பார்த்தார் என்று அப்போது புரிந்தது. மனத்தாங்கல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் புரிந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும் வரை கண்ணைத் திறக்கவேயில்லை. கொயரில் அவருடைய பேரப்பிள்ளை யாரும் இல்லை, பாட்டுக்காகவே வருகிறாராம். 1993 பெருவெள்ளத்தில் ஆறு தன் வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். "அப்படியும் இந்தப் பாட்டு பிடிக்கிறதா?" என்று கேட்டேன். "ஆறு அதேதானே" என்றார். எங்கள் ஆற்றில் வருடத்தில் பல மாதம் மணல்தான் தெரியும், அதையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள் என்று அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அப்பா மாதிரியே.

அதோடு இந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு தேவாலயத்தில் இந்த வட்டாரத்துக் கொயர் ஒன்றின் கச்சேரி, கறுப்பின மக்களின் ஸ்பிரிச்சுவல் பாடல்கள் மட்டும். அடிமைகளாக இருந்தவர்கள் வயலிலும் வழிபாட்டிலும் பாடியவை. விடுதலையான அடிமைகளுக்காக நாஷ்வில்லில் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரி பணமில்லாமல் தத்தளித்தபோது, 1871 அக்டோபரில் அங்கிருந்து ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். இந்தப் பாடல்களை உலகம் மேடையில் கேட்டது அவர்கள் வழியாகத்தான். பாடிச் சேர்த்த பணத்தில் கட்டிய ஜூபிலி ஹால் இன்றும் அங்கே நிற்கிறது.

'டீப் ரிவர்' பாடினார்கள். மறுபடியும் ஆறு, இந்த முறை யோர்தான், வீடு அக்கரையில் இருக்கிறது என்கிற பாட்டு. பாதியில் பாஸ் குரல்கள், ஆண் குரல்களில் ஆகக் கீழானவை, அடிவரைக்கும் இறங்கியபோது என் பக்கத்தில் இருந்த கறுப்பினப் பாட்டி ஒருவர் வாய்விட்டு, "எஸ்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ம்ம்ம்... ஆமென்." பின்னால் இன்னொரு குரல் அதற்குப் பதில் சொன்னது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் விரல் வைக்கவில்லை, பாடியவர்களில் ஒரு பெண் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார், அடுத்த வரி இன்னும் அகலமாக வந்தது. அப்பாவும் ஓதுவாரும் அப்படியே அங்கே இருந்தார்கள்! இந்த நாட்டில் கேட்பதற்கு ஒரே ஒரு முறைதான் என்று நினைத்து ஒன்பது மாதமாக என் 'ஆஹா'வை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த பாட்டில் மெல்லச் சொன்னேன், எனக்கே கேட்கிற அளவுக்கு. பாட்டி என் பக்கம் திரும்பவில்லை, என் கையை மட்டும் எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிட்டார்.

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது. எந்தக் கச்சேரிக்கு எப்படி உட்கார வேண்டும் என்று தெரிகிறது, ஆடிப் பதினெட்டுக்கு மிசூரிக் கரையில் தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் பிரித்துச் சாப்பிடுகிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். குளிரும் பழகிவிட்டது. இப்படி எழுதும்போதே ஜூலை நடவுச் சேற்றின் வாசனை எங்கிருந்தோ வருகிறது, அதை என்ன செய்ய?

போன வாரம் சமையலறையில் மகள் ஆல்ட்டோ வரியைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது, ஒரே இடத்தில் நின்று நின்று நகரும். அரிசி களைந்தபடி நான் என்னை அறியாமல் அப்பாயியின் தன்னானேயை முனகியிருக்கிறேன். அவள் நிறுத்திவிட்டு, "மறுபடி பாடு" என்றாள். பாடினேன். இரண்டாம் தடவை என் மெட்டுக்குக் கீழே அவளாக ஒரு வரியைப் போட்டுப் பார்த்தாள், சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. அப்பாயி பாட்டுக்கு அப்படி ஒரு அடிக்குரலை நான் கேட்டதேயில்லை, ஆனால் அது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி இருந்தது. மூன்று கண்ணி பாடி முடித்தோம். அவள் டீச்சர் மாதிரி கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். குலவை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அவள் கை இன்னும் கீழே இறங்கவில்லை.