காலி ரேமுக்கும் கனம் உண்டு: கேவிஎம் மைக்ரேஷன்

லினக்ஸின் கேவிஎம் வசதியில் ஓடும் ஒரு விஎம்மை (மெய்நிகர் கம்ப்யூட்டர்), ஓட்டத்தை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு நகர்த்துவதுதான் மைக்ரேஷன். 64 ஜிபி ரேம் உள்ள விஎம் என்று வையுங்கள். உள்ளே பார்த்தால் 40 ஜிபி அவைலபிள் என்று காட்டுகிறது. அப்படியானால் 24 ஜிபிதானே நெட்வொர்க்கில் போகும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) ஒரு பேஜை (ரேமின் ஒரு சிறு துண்டு) விடுவித்தாலும் பழைய டேட்டா அதில் அப்படியே கிடக்கும். விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎம்யூ அதையும் அனுப்பும். முழுக்கப் பூஜ்ஜியமாக உள்ள பேஜுக்கு மட்டும் சின்னக் குறிப்போடு விட்டுவிடும். கெஸ்டின் கேச்சைக் காலி செய்யும் ட்ராப் கேச்சஸை மட்டும் கொடுத்தால் பலன் இல்லாததும் இதனால்தான்.

பலூனை, அதாவது கெஸ்டின் ரேமைப் பிடித்து ஹோஸ்டிடம் (விஎம் ஓடும் சர்வர்) திருப்பித் தரும் டிவைஸை, ஊத வேண்டும். பலூன் பிடித்துக்கொண்ட பேஜ்களை ஹோஸ்ட் விடுவித்துவிடுவதால் அவை பூஜ்ஜியமாகிவிடும். வெர்ஷ் செட்மெம் (விஎம்மின் ரேம் அளவை மாற்றும் கட்டளை) கொடுத்து 30 ஜிபிக்கு இறக்கி, மைக்ரேட் செய்து, போய்ச் சேர்ந்ததும் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். பேராசைப்பட்டு 24-ஐத் தொட்டால் உள்ளே ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் வசதி) வந்துவிடும். பெரும்பாலும் பலியாவது டேட்டாபேஸ்தான். காலி பேஜ்கள் எவை என்று கெஸ்டே சொல்லி அவற்றை அனுப்பாமல் விடவைக்கும் ஃப்ரீ பேஜ் ஹின்ட் என்ற வசதியும் பலூன் டிவைஸில் உண்டு, அதற்கு ஐஓத்ரெட் (கியூஎம்யூவில் தனியாக ஓடும் த்ரெட்) ஒன்று கட்டாயம்.

மிச்சம் எல்லாம் எழுதும் வேகத்தைப் பொறுத்தது. ஒரு பைட் மாறினாலும் 4 கேபி பேஜ் முழுசாகத் திரும்பப் போகும். 10 கிகாபிட் லைனில் நடைமுறையில் வினாடிக்குச் சுமார் 1.1 ஜிபி, கெஸ்ட் அதைவிட வேகமாக எழுதினால் ப்ரீகாப்பி (விஎம் ஓடும்போதே ரேமை அனுப்பி, மாறிய பேஜ்களைத் திரும்பத் திரும்ப அனுப்பும் முறை) முடியவே முடியாது. டவுன்டைம் லிமிட் (கடைசியில் விஎம்மை நிறுத்திவைக்க அனுமதித்த நேரம்) இயல்பாக 300 மில்லிவினாடி, அதாவது மிச்சம் 330 எம்பிக்குக் கீழே வந்தால்தான் கடைசி நிறுத்தம். அதை 1 வினாடியாக்கினாலே பல விஎம்கள் நகர்ந்துவிடும். ஆட்டோ கன்வெர்ஜ் அதற்கு அடுத்த வழிதான்: சிபியூவை 20 சதவீதத்தில் ஒடுக்க ஆரம்பித்து, பத்துப் பத்தாக 99 வரை போகும். அந்த நிலையில் விஎம் பேருக்குத்தான் ஓடும்.

போஸ்ட்காப்பிக்கு (விஎம்மைப் புது இடத்தில் முதலில் ஓடவிட்டு, பேஜ்களைத் தேவைப்படும்போது வரவழைக்கும் முறை) போவதானால் முதலில் ஹியூஜ் பேஜ் (4 கேபிக்குப் பதில் பெரிய பேஜ்) அளவைப் பாருங்கள். 1 ஜிபி பேஜ் என்றால், ஒரு எழுத்தைப் படிக்கவும் அந்த 1 ஜிபி முழுசும் வந்து சேர வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வினாடி உறைந்து நிற்கும். 2 எம்பியில் இந்தத் தொல்லை இல்லை.

மெமரியோடு லைவ் ஸ்னாப்ஷாட் (ஓடும் விஎம்மின் நிலையை ஃபைலில் சேமிப்பது) எடுக்கும்போதும் ப்ரீகாப்பிதான், ஃபைலுக்குள் போகிறது, அவ்வளவே. ஒரே பேஜ் பலமுறை எழுதப்படுவதால் ஃபைல் ரேமைவிடப் பெரிதாகலாம். கியூஎம்யூ 9.0-இல் வந்த மேப்டு ரேம் ஒவ்வொரு பேஜுக்கும் நிலையான இடம் ஒதுக்குவதால் இந்த வீக்கம் இல்லை. 6.0-இல் வந்த பேக்ரவுண்ட் ஸ்னாப்ஷாட் பேஜ்களைப் பூட்டிவைத்து, கெஸ்ட் மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எழுதும், லினக்ஸ் 5.7 அல்லது அதற்கு மேல் வேண்டும். டிஸ்க் மந்தமாக இருந்தால் அந்தக் காத்திருப்பு கெஸ்ட் தலையில்தான் விழும்.