நிலவறை இல்லாத வீடு

ஜூலை 4 வந்தால் எனக்கு கிறிஸ்தினா கெர்ஸ்தென் நினைவுதான். போருக்குப் பிந்தைய போலந்தின் அரசியலையும், அங்கே மக்கள் இடம்பெயர்ந்த கதையையும் வருடக்கணக்கில் ஆராய்ந்த வரலாற்றாசிரியர்.

1946-ல் இதே நாளில் கியெல்ட்சே நகரின் பிளாந்தி தெரு, 7-ஆம் எண் வீட்டில் இருந்த யூதர்கள் மேல் கூட்டம் பாய்ந்தது. ஹிட்லர் ஆட்களிடம் தப்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். தன்னை அந்த வீட்டு நிலவறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் சொன்ன பொய்தான் ஆரம்பம். அந்த வீட்டில் நிலவறையே கிடையாது! சிப்பாய்களும் கொலையில் சேர்ந்துகொண்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அங்கே யாரும் இதை மனம்விட்டுப் பேச முடியவில்லை. 1981 டிசம்பர் தொடக்கத்தில், சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் வார இதழில் கெர்ஸ்தென் இதைப் பற்றி எழுதினார். 13-ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்தது, இதழ் நின்றுபோனது. அவர் நிற்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி போலந்தில் 1943 முதல் 1948 வரை எப்படி வேர்பிடித்தது என்று விரிவாக எழுதினார். அந்த நூல் 1986-ல் பாரிஸில் வெளிவந்தது.

2008-ல் காலமானார். அவரை யாராவது தமிழில் கொண்டுவந்தால் முதல் பிரதி எனக்குத்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.