பீனிக்ஸுக்குப் பையன் பார்க்கப் போன கதை

"மாப்பிள்ளை பாக்கறியாப்பா? யாருக்கு?"

கேட்டது என் நண்பனின் அம்மா. இடம், அரிசோனாவின் சாண்ட்லர். 2024 அக்டோபர், நவராத்திரி வாரம். கொலுப்படிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வயது, உயரம், எடை, படித்த கல்லூரி என்று ஒவ்வொரு பையனாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதமாக மகன் வீட்டில் அடைந்து கிடப்பவர் காதில் அது வேறெப்படி விழும்?

"இல்லம்மா, பேஸ்பால் ஆடற பசங்க. இன்னும் பெரிய டீமுக்கு வராதவங்க. யாரு பின்னாடி தேறுவாங்கன்னு பாக்க வந்திருக்கேன்."

"அதான் கேக்கறேன். தேறுவானான்னு பாக்கறதுக்குப் பேரு என்ன?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து ஐந்தரை மணி நேரம் விமானத்தில் வந்தது அதற்குத்தான்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ட்ரீம்11 மாதிரி ஒருநாள் கூத்து இல்லை இது. டைனாஸ்டி லீக் என்பார்கள், ஃபேன்டஸி ஆட்டத்தில் ஒரு வகை. 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆரம்பித்தோம். ஒருவரை ஒரு முறை எடுத்துவிட்டால், விற்கும்வரை அவர் உங்கள் அணியில்தான். மட்டை பிடிப்பவரிடம் ஐந்து கணக்கு: பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ரன், திருடிய பேஸ் (பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய மூலை; யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த மூலைக்கு ஓடிவிட்டால் திருட்டு). நிஜ ஆட்டத்தில் அவர் எடுப்பது இங்கே நம் புள்ளி. பேர் வாங்கியவர்கள் எல்லோரும் யாராவது ஒருவர் கையில் இருப்பதால், இன்னும் பேர் வாங்காதவனை முதலில் கண்டுபிடிப்பவனுக்குத்தான் வாழ்வு. டிஎன்பிஎல் ஆட்டங்களில் நடராஜனைப் பார்த்து, ஐபிஎல்லுக்கு முன்பே துண்டு போட்டு வைக்கிற மாதிரி.

சிக்கல் என்னவென்றால், பெரிய டீமுக்கு இன்னும் வராதவர்கள் ஆடுகிற மைனர் லீக் என்பது கடல். மேஜர் லீக் கிளப்புகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக 120. 2021-ல் 40-க்கும் மேற்பட்ட அணிகளைக் கழற்றிவிட்ட பிறகும் இவ்வளவு. வேலைக்குப் போகிறவன் எத்தனை ஊருக்கு ஓடுவது? அதற்குத்தான் அரிசோனா ஃபால் லீக். 1992 முதல் நடக்கிறது. வழக்கமான சீசன் முடிந்ததும் எல்லா கிளப்புகளும் தங்கள் பையன்களில் சிலரை இங்கே அனுப்புகின்றன. அவர்களைக் கலந்து ஆறு அணிகள். எல்லா மைதானங்களும் பீனிக்ஸைச் சுற்றியே இருக்கின்றன. வசந்தகாலப் பயிற்சிக்காகக் கட்டியவை. ஆறு மாதம் ஊர் ஊராக அலைய வேண்டியதை மூன்று ராத்திரியில் முடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. அக்டோபர் என்றால் குளுகுளு என்று நினைத்து ஸ்வெட்டர் வேறு எடுத்து வந்திருந்தேன். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து மூன்று வாரம் தினம் தினம் பழைய வெப்ப அளவுகளை முறியடித்துக்கொண்டிருந்தது பீனிக்ஸ். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது 43 டிகிரி. வேலூர்க்காரனான எனக்கே மூச்சு முட்டியது.

முதல் ராத்திரி சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ். பிமா, மரிகோபா பழங்குடியினரின் சொந்த நிலத்தில் 2011-ல் திறந்த மைதானம். பழங்குடியினர் நிலத்தில் அமைந்த முதல் மேஜர் லீக் பயிற்சி மைதானமும் இதுதான். தூரத்தில் மலைகள் கருஞ்சிவப்பாக மங்கிக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய இடத்தில் சில நூறு பேர். பந்து வீசுகிற பிட்ச்சர் துப்புவது காதில் விழுகிற அமைதி.

முதல் தடவை பார்ப்பவருக்கு மைதானமே குழப்பமாக இருக்கும். ஒரே அணிதான், ஆனால் ஆளுக்கொரு சட்டை. தலையில் ஃபால் லீக் தொப்பி, உடம்பில் அவரவர் தாய்க் கிளப்பின் உடை. பல கல்யாணக் கோஷ்டிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் ஸ்கவுட்கள், கிளப்புகளுக்காக ஆள் பார்க்கிறவர்கள். வேகம் அளக்கிற ரேடார் கருவி, நோட்டு, உப்புப் பூத்த தொப்பி. அவர்களுக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். என்னிடமும் நோட்டு இருந்தது, புதிதாக வாங்கிய ஸ்டாப்வாட்ச் இருந்தது. மட்டையில் பந்து பட்ட கணத்தில் அழுத்தி, கால் முதல் பேஸைத் தொடும்போது நிறுத்த வேண்டும். தூரம் 90 அடி. வலக்கை ஆட்டக்காரர் 4.3 விநாடியில் ஓடினால் சராசரி. இடக்கை ஆட்டக்காரர் பேஸுக்கு ஓர் எட்டு பக்கத்தில் நிற்பதால் அவருக்கு 4.2. ஸ்கவுட்கள் இதையெல்லாம் 20-லிருந்து 80 வரை மதிப்பெண்ணாக்குவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 80 வாங்குபவன் அபூர்வம்.

பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒருவர். ஏதோ ஒரு கிளப்புக்கு முன்பு வேலை பார்த்தவர், இப்போது சும்மா வருகிறாராம். என் ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சிரித்தார். நான் ஃபேன்டஸி ஆள் என்று சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார். ஆனால் பேசினார். இங்கே அடிக்கிற ஹோம் ரன்களை நம்பாதே என்றார். நல்ல பிட்ச்சர்கள் வருடம் முழுக்க வீசிக் களைத்துவிட்டதால் கிளப்புகள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். காயத்தால் பாதி வருடம் ஆடாமல் போனவர்களும், இன்னும் பக்குவப்படாதவர்களும்தான் இங்கே வீச வருகிறார்கள். போதாததற்குப் பாலைவனக் காற்றில் பந்து பறக்கும். "பந்து எங்கே போகிறது என்று பார்க்க எல்லோரும் வந்திருக்கிறார்கள். நீ எதை அவன் அடிக்காமல் விடுகிறான் என்று பார்" என்றார்.

நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அன்றைய ஆட்டத்தில் யாங்கீஸ் சட்டையில் ஒருவர் மட்டை பிடிக்க வந்தார். ஐந்தரை அடி உயரம். கேலப் டர்பின். பெயர்ப் பட்டியலில் பார்த்தேன்: சிறிய கல்லூரி, 2021 டிராஃப்டில் (கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) 14-வது சுற்றில் பிரேவ்ஸ் கிளப் எடுத்து, அடுத்த வருடமே யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டவர். மணிக்கட்டு உடைந்து 2024 சீசனில் கொஞ்சகாலம் ஆடவில்லை. இருபத்து நாலு வயது வேறு. இந்தக் கூட்டத்தில் அது முதிர்கன்னன் கணக்கு. அவர் முதல் பேஸுக்கு ஓடியபோது நான் ஸ்டாப்வாட்சை அழுத்தவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். முதல் பேஸில் அவர் நின்றதும் பிட்ச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கிழவர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் சர்ப்ரைஸ். ஊர் பெயரே அதுதான். சாண்ட்லரிலிருந்து பீனிக்ஸை முழுக்கச் சுற்றிக்கொண்டு, பெல் ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போக வேண்டும். 1938-ல் அந்த இடத்தை மனை போட்ட ஃப்ளோரா ஸ்டாட்லர் என்ற பெண்மணி, இதெல்லாம் ஒரு ஊராகத் தேறினால் ஆச்சரியம்தான் என்றாராம். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இப்போது ஒன்றரை லட்சம் ஜனம்.

நண்பனும் வந்திருந்தான். நவராத்திரிச் சுண்டல் ஒரு டப்பா. "அண்ணா, ராத்திரி அங்க ஹாட் டாக்தான் கிடைக்கும், இத எடுத்துட்டுப் போங்க" என்று அவன் மனைவி கட்டிக் கொடுத்தது. வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலர் டப்பாவை நெடுநேரம் முகர்ந்தார். பெருங்காயம், தேங்காய். என்ன நினைத்தாரோ, வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார். நாற்பது டிகிரியில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு கை அள்ளிச் சாப்பிட்டோம்.

"மச்சான், குமார்னு ஒருத்தன் இருக்கானே, நம்மாளா?" என்றான். குமார் ராக்கரைக் கேட்கிறான். ரேஞ்சர்ஸ் பிட்ச்சர், அம்மா வழி இந்திய வம்சாவளி. ராக்கர் 2022-ல் இதே சர்ப்ரைஸ் அணிக்காகத்தான் ஃபால் லீக் ஆடினார். அடுத்த வருடம் முழங்கையில் அறுவை சிகிச்சை, பிறகு மீண்டு வந்து, நாங்கள் சுண்டல் சாப்பிட்டதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். அவரை யார் எடுத்தது என்றான். எங்கள் லீக்கில் ஒரு தெலுங்கு நண்பர், 2022-லேயே. "அதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நான் சர்ப்ரைஸுக்கு வந்தது ஒருவரைப் பார்க்கத்தான். ஜாக் காக்லியோன். அந்த ஜூலை டிராஃப்டில் ஒட்டுமொத்தமாக ஆறாவது ஆளாக ராயல்ஸ் எடுத்தவர். ஆறடி ஐந்து அங்குலம், 113 கிலோ. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காக முந்தின வருடம் 33, அந்த வருடம் 35 ஹோம் ரன். கூடவே நூறு மைல் வேகத்துக்குப் பக்கத்தில் பந்தும் வீசியவர். வாசல் திறக்கும் முன் வேலி ஓரம் நின்று பயிற்சியைக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். மற்றவர்கள் அடித்தால் 'டொக்'. இவர் அடித்தால் தேர்வடம் அறுந்த மாதிரி ஒரு சத்தம். பந்து எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் என் நோட்டில் இருப்பது இது: "வீச்சு பயங்கரம். வெளியே போகிற பந்தையும் துரத்துகிறார்." இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் முந்தின நாள் கிழவர் சொன்னது, இரண்டு கோடு போட்டு, அதே பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போது எழுத்து எங்கே கண்ணில் படும்.

மூன்றாம் நாள் மேசாவின் ஸ்லோன் பார்க். பெரிய மைதானம், கப்ஸ் அணியின் கோட்டை, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. குறி தவறி வீசி, எதிராளியைத் தொடர்ச்சியாகச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்ட பிட்ச்சர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டோம். ஏழாவது இன்னிங்ஸில் கிளம்பிவிட்டோம்.

ஒன்று உறுத்தியது, அதையும் சொல்ல வேண்டும். "என் ஆளு", "இவன வித்துடலாம்", "அவன வாங்கிப் போடு" என்று மூன்று நாளும் பேசிக்கொண்டே இருந்தோம். அந்தப் பையன்கள் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடியில் நிற்கிறார்கள். பெரிய போனஸ் வாங்கியவர்கள் சிலர்தான். 2023-ல் ஆட்டக்காரர் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகும், டபுள்-ஏ-யில் (அந்த நான்கு படிகளில் மேலிருந்து இரண்டாவது) ஆடுபவரின் குறைந்தபட்சச் சம்பளம் அந்த வருடம் 30,250 டாலராகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் இதில் பாதிகூட இல்லை. ஒரு பையன் வேலியோரம் வந்து, ஒருவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பாவாக இருக்கலாம். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரையும் விற்காமல் இருந்தேன்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா காபி கொடுத்துக்கொண்டே கேட்டார்: "எந்தப் பையன முடிவு பண்ணின?"

"உசரமா ஒருத்தன்மா. அடிச்சா இடி விழற மாதிரி இருக்கு."

"வேற யாரையும் பாக்கலியா?"

"குள்ளமா ஒருத்தன் இருந்தான், துறுதுறுன்னு. அவனெல்லாம் சரிப்பட மாட்டான்."

"உசரத்த வெச்சு என்னப்பா பண்றது, பரண்லேர்ந்து பாத்திரம் எடுக்கவா?"

அந்தக் குள்ளமான பையன் அந்த ஃபால் லீக் முடிவதற்குள் 29 பேஸ் திருடினார். ஒரே சீசனில் அவ்வளவு திருடியவர் அந்த லீக்கின் சரித்திரத்திலேயே கிடையாது. டிசம்பரில் யாங்கீஸ் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 2023-ல் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, பேஸில் நிற்பவரைப் பிட்ச்சர் திரும்பித் திரும்பி மிரட்டுவதற்கும் வரம்பு வைத்த பிறகு, மேஜர் லீக்கில் திருட்டு 2,486-லிருந்து 3,503-க்கு எகிறிவிட்டது. காலுக்கு இருக்கிற மரியாதை தெரிந்தும், ஜனவரியில் எங்கள் டிராஃப்டில் என் முதல் வாய்ப்பை இடிச்சத்தத்துக்கே கொடுத்தேன். டர்பினைக் கடைசிச் சுற்றில் எடுத்தது, ராக்கரை எடுத்த அந்தத் தெலுங்கு நண்பர்தான். ஒரு மைதானத்துக்கும் போகாதவர். எக்ஸெல் ஷீட்டில், யார் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆகிறார்கள் என்று வரிசைப்படுத்தி மேலிருந்து எடுத்தேன் என்றார். நான் விமானம், கார், ஸ்டாப்வாட்ச் என்று செலவழித்த கணக்கை அவரிடம் சொல்லவில்லை.

2025 ஜூன் 3 அன்று காக்லியோன் மேஜர் லீக்குக்கு வந்தார். அலுவலகத்தில் மீட்டிங் நடுவே கைதட்டினேன். சீசன் முடிவில் 62 ஆட்டம், 7 ஹோம் ரன், சராசரி .157. டர்பின் .256, 11 ஹோம் ரன், 18 திருட்டு. மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் தேர்வில் மூன்றாவது இடம். காக்லியோனுக்கு அப்போது வயது 22-தான், விற்கிற எண்ணமில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேருமே அடிமாட்டு விலை.

போன தீபாவளிக்கு நண்பனுக்கு வீடியோ அழைப்பு. அம்மா கும்பகோணத்துக்குத் திரும்பியிருந்தார், அவரையும் இணைத்திருந்தான்.

"அந்த உசரமான பையன் என்ன ஆனாம்ப்பா?"

"இன்னும் செட்டாகலைம்மா."

"அந்தக் குள்ளமானவன்?"

"வேற வீட்டுக்குப் போயிட்டாம்மா."

திரையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ பட்சணத் தட்டை நீட்ட, ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.