நைரோபிக்குக் குடிவரும் பெண்களுக்கு

நைரோபிக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து கிளம்பும்போதே புத்திமதி கிடைத்துவிடும். இருட்டிய பிறகு வெளியே போகாதே, கைப்பையை இறுக்கிப் பிடி, கார் கண்ணாடியை இறக்காதே. இதெல்லாம் திருட்டுக்கான எச்சரிக்கை. பெண்ணுக்கு வரும் தொல்லை வேறு வழியாக வருகிறது. கென்யாவில் 2022இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 34 விழுக்காட்டினர் 15 வயதுக்குப் பின் அடி உதை பட்டவர்கள். 13 விழுக்காட்டினர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். மணமான பெண்களை அடித்தவர்களில் பெரும்பாலோர் கணவன் அல்லது முன்னாள் கணவன்.

இந்த ஊரில் ஒரு பெண் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வெளியேறும் வழி இன்னொருவர் கையில் இருக்கும்போதுதான். மடாட்டு என்னும் தனியார் வேனின் கதவு கண்டக்டர் கையில். வேலை ஒப்பந்தம் மேலாளர் கையில். வீட்டில் பாஸ்போர்ட்டும் வாடகைப் பத்திரமும் கணவர் கையில். எங்கே முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்பதை இதை வைத்தே பார்க்கலாம்.

மடாட்டு என்பது 14 இருக்கை வேன், அல்லது 33 இருக்கை மினிபஸ். ஓட்டுநரை டெரே என்பார்கள், கண்டக்டரை மகங்கா. நிறுத்தத்தில் ஆள் பிடித்து ஏற்றுபவர் மனம்பா. டாம் எம்போயா தெரு, ரொனால்ட் இங்காலா தெரு நிறுத்தங்களில் மனம்பாக்கள் பெண்களின் கையைப் பிடித்து வண்டிக்குள் இழுப்பது தினமும் நடப்பது. சிரித்து மழுப்பினால் பிடி விடாது. ‘உசினிகூசே’, தொடாதே என்று, பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்விட வேண்டும். நிலைமை முற்றினால் ‘நிசைதியேனி’, காப்பாற்றுங்கள். காய்கறி விற்கும் மாமாக்கள் (இங்கே மாமா என்றால் அம்மா) இந்த ஊரின் நல்ல துணை. தினமும் போகும் வழியில் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் தக்காளி வாங்கிப் பழகி வையுங்கள். பத்து நாளில் உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏறுவதற்கு முன்பே கட்டணம் கேளுங்கள். மழை வந்தால் 50 ஷில்லிங் 100 ஆகும், ஏறிய பிறகு பேரம் எடுபடாது. 50, 100 நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 1000 ஷில்லிங் நோட்டை நீட்டினால் மீதியைக் கடைசி நிறுத்தம்வரை கண்டக்டர் வைத்துக்கொள்வார், நீங்களும் அதுவரை இறங்க முடியாது. உட்காரும் இடம் ஓட்டுநருக்குப் பின்வரிசை. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சாக்கோ (வண்டி உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) பெயரையும் நம்பர் பிளேட்டையும் ஏறும்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் இந்த இரண்டும் இல்லாமல் காவல்துறையால் வண்டியைத் தேடிப் பிடிக்க முடியாது. இரவில் வண்டி காலியாகிக்கொண்டே வந்தால், வேறு பயணிகள் இருக்கும்போதே வெளிச்சமான பெட்ரோல் பங்க் அல்லது சூப்பர்மார்க்கெட் அருகே இறங்கி டாக்சி பிடியுங்கள். 2014இல் கிதுராய் பஸ்ஸில் ஒரு பெண் தனிப் பயணியாக மிஞ்சியபோதுதான் ஊழியர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டுபோய் அவர் உடையைக் களைந்து கொள்ளையடித்தார்கள். 2017இல் மூன்று பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதே 2014இல் நகர மையத்தில் பட்டப்பகலில் இன்னொரு பெண்ணின் உடையைக் கும்பல் கிழித்தது. நவம்பர் 17 அன்று ‘என் உடை, என் விருப்பம்’ என்று பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே தண்டனைச் சட்டத்தில் 251ஏ பிரிவு சேர்ந்தது: பலவந்தமாக உடையைக் களைந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. இந்தப் பிரிவு எண்ணைக் காவல் நிலையத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டம் தெரிந்தவள் என்று தெரிந்தால் பேச்சின் தொனி மாறும்.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. 2022 மார்ச்சில் ஃபாரஸ்ட் ரோட்டில் விபத்துக்குப் பிறகு ஒரு பெண் ஓட்டுநரைப் போடா போடா மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்து காருக்குள்ளேயே தாக்கினார்கள். யாருக்கும் அடிபடாத உரசல் என்றால், கூட்டம் சேரும் இடத்தில் கதவைத் திறக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் சென்று அங்கே பதிவுசெய்யுங்கள்.

ஊபர், போல்ட், லிட்டில் வண்டிகளில் பிரச்சினை பெரும்பாலும் பயணம் முடிந்த பிறகுதான். ஓட்டுநரின் சொந்த எண்ணுக்கு எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவையில் பணம் அனுப்பினால் உங்கள் பெயரும் எண்ணும் அவருக்குப் போய்விடும். வீடு எது என்பதையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அன்றிரவே வாட்ஸ்அப் செய்தி வருவது இந்த ஊரில் அடிக்கடி கேட்கும் புகார். ஆப்பிலேயே கார்டு இணைத்துக்கொள்ளுங்கள், அல்லது ரொக்கம் கொடுங்கள். வீட்டு வாசலில் இறங்காமல் அடுக்ககத்தின் பிரதான கேட்டில், காவலாளி பார்க்கும்படி இறங்குங்கள். “கேன்சல் செய்துவிட்டுப் பணமாகக் கொடுங்கள்” என்று ஓட்டுநர் சொன்னால் ஏற வேண்டாம். பயணத்தின் பதிவே இல்லாமல் போய்விடும்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான எழுத்துபூர்வக் கொள்கை இருந்தாக வேண்டும். 2007 வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. சேரும் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதிகாரத்தில் இருப்பவர் தொல்லை கொடுத்தால் 2006 பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் குறைந்தது மூன்று ஆண்டு சிறை அல்லது குறைந்தது ஒரு லட்சம் ஷில்லிங் அபராதம். அவர் அனுப்பிய செய்திகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு உடனே ஏற்றிவிடுங்கள். கம்பெனி போனையும் சிம்மையும் வேலையிலிருந்து நிற்கும் அன்று திருப்பிக் கொடுத்தாக வேண்டும், ஆதாரமும் அதோடு போய்விடும்.

இனி வீடு. தமிழ்க் குடும்பங்கள் பேசத் தயங்குவது இதைத்தான். வேலை அனுமதி கணவர் பெயரில், மனைவி இருப்பது அவரைச் சார்ந்தோருக்கான பாஸில். அந்த பாஸில் வேலைக்குப் போக முடியாது. உறவினர் யாரும் இல்லை, பகலில் யாரிடமும் பேச வழியில்லை. ஊரில் எப்போதாவது விழுந்த அறை இங்கே வாரத்துக்கு ஒன்றாவது இப்படித்தான். வந்த முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் சிம் கார்டு உங்கள் பாஸ்போர்ட்டில், உங்கள் பெயரில் பதிவாகட்டும். கணவர் பெயரில் வாங்கிய சிம்மில் எம்-பெசா கணக்கும் அவருடையதே. நினைத்த நேரத்தில் எண்ணை முடக்கி உங்கள் காசையும் தொடர்பையும் ஒன்றாக அறுத்துவிட முடியும். பாஸ்போர்ட், பாஸ், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நைரோபியில் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கணவர் ஒளித்துவைத்தால் பயண ஆவணம் கேட்க வேண்டியது அங்கேதான். கையில் நகல் இருந்தால் வேலை விரைவாக முடியும்.

2015இல் வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, வீட்டுக்குள் விடாமல் பூட்டுவது, பின்தொடர்வது, வசைபாடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மாமனார் மாமியார் தலையீடு என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவசரமென்றால் இடைக்கால ஆணை கிடைக்கும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியிடம்தான் கொடுப்பேன் என்று சொல்லும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை. 2006 சட்டம் கணவன் மனைவிக்கிடையிலான வல்லுறவைக் குற்றமாக ஏற்கவில்லை. ஆகவே திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறைக்கு 2015 சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஃபிடா கென்யா என்னும் பெண் வழக்கறிஞர்கள் அமைப்பு 1985 முதல் இலவசச் சட்ட உதவி தருகிறது. அங்கே முதலில் போய் எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிந்து வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய உகாண்டா வீராங்கனை ரெபெக்கா செப்டெகெய், அடுத்த மாதமே மேற்குக் கென்யாவில் முன்னாள் துணைவர் பெட்ரோல் ஊற்றி எரித்ததில் இறந்தார். சங்கத்துப் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்து சமாதானம் பேசி அனுப்புவது நல்லெண்ணத்தில் நடக்கிறது. அவர்களிடம் வேண்டுவது ஒன்றுதான்: முதலில் அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், பேச்சு பிறகு.

பாலியல் தாக்குதல் நேர்ந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் மருத்துவமனை, பிறகு காவல் நிலையம். பலர் தலைகீழாகச் செய்து நிலையத்து பெஞ்சில் பல மணி நேரத்தை இழக்கிறார்கள். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று இன்னொரு நிலையத்துக்கும் அலைக்கழிப்பார்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். 28 நாள் விடாமல் போட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரை 120 மணி நேரத்துக்குள். இங்கே மருந்துக்கடையில் பி2 என்று கேட்டாலே கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

குளிக்க வேண்டாம், பல் துலக்க வேண்டாம், உடையைத் துவைக்க வேண்டாம். உடுத்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் காகித உறையிலோ செய்தித்தாளிலோ தனித்தனியே சுற்றுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துபோகும். ஸ்டேஷனரி கடையில் விற்கும் பழுப்புக் காகித உறை போதும். நைரோபி விமன்ஸ் ஹாஸ்பிட்டலின் பாலின வன்முறை மீட்பு மையம் 2001 முதல் கட்டணமில்லாமல் சிகிச்சை தருகிறது. கென்யாட்டா தேசிய மருத்துவமனைக்கும் போகலாம். அங்கே பிஆர்சி படிவத்தை (வல்லுறவுக்குப் பிந்தைய சிகிச்சைப் பதிவு) மூன்று பிரதிகளாக நிரப்புவார்கள்: ஒன்று காவல்துறைக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று மருத்துவமனைக்கு. உங்கள் பிரதியைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காவல் நிலையக் கோப்பு காணாமல் போனாலும் வழக்கு நிற்பது அந்தப் பிரதியால்தான்.

பிறகு காவல் நிலையம். நடந்ததை நிகழ்வுப் பதிவேட்டில் எழுதவைத்து ஓபி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லையென்றால் புகார் பதிவாகவில்லை என்றே பொருள். பி3 என்னும் காவல்துறையின் மருத்துவ அறிக்கைப் படிவம் அங்கே கிடைக்கும், கட்டணம் இல்லை. மருத்துவர் நிரப்பித் திரும்ப வர வேண்டும். பாலினப் பிரிவு மேசை என்று பல நிலையங்களில் உண்டு, ஆனால் இரவில் ஆள் இல்லாமல் இருக்கலாம். யாரும் உதவாவிட்டால் 1195 என்ற இலவச எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் இயங்குகிறது; குழந்தைகளுக்கு 116. புகாரை விசாரிக்காமல் கிடப்பில் போடுவதே உரிமை மீறல் என்று 2013இல் மேரு உயர் நீதிமன்றம் சிறுமிகள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. 2007 தேர்தல் கலவரத்தில் பாதிக்கப்பட்ட நான்கு பேருக்குத் தலா 40 லட்சம் ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பு 2020 டிசம்பரில் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய தீர்ப்பு அது.

கடைசியாக, நம் வீட்டுக்குள் வேலை செய்யும் பெண். நம்மைவிட அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். கவாங்வாரேயிலிருந்தோ கங்கேமியிலிருந்தோ வருகிறார். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால், தெருவிளக்கு இல்லாத சந்தில் ஒன்பதுக்கு நடந்துகொண்டிருப்பார். அவர் குடியிருப்பில் கழிப்பறை பொதுவானது. இரவில் அங்கே போவதற்கே அஞ்சி வாளியில் ஒதுங்குபவர்கள் ஏராளம். பாத்திரம் காலையில் கழுவினால் போதும், ஐந்து மணிக்கு அனுப்பிவிடுங்கள். தாமதமானால் மடாட்டுக் காசு அல்ல, டாக்சியே பிடித்துக் கொடுங்கள். வீட்டோடு தங்குபவர் என்றால் அவர் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல அடுக்ககங்களில் வேலைக்காரர் அறையின் தாழ்ப்பாள் உடைந்தே கிடக்கும், 500 ஷில்லிங்குக்குள் மாற்றிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு சட்டப்படி அவருடையது.

அவருக்கு ஏதாவது நேர்ந்தால், மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். போக்குவரத்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு கூடவே போங்கள், உள்ளே பேசுவதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள். பெப் மாத்திரை சிலருக்குக் குமட்டலும் சோர்வும் தரும்; வெறும் வயிற்றில் போட்டுப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அந்த 28 நாளும் காலைச் சாப்பாடு உங்கள் வீட்டில் ஆகட்டும், மறுபரிசோதனை நாட்களில் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு கொடுங்கள்.